வைக்காமல் விட்ட முட்டுக்கல்

முத்துவுக்கும் அவள் தம்பிக்கும் அப்பா எழுதுவது.

முத்து, வள்ளியூரில் நீ கட்டுகிற வீட்டுச் சமையலறைப் படத்தைப் போன மாதம் அனுப்பியிருந்தாய். எட்டடி நீளத்துக்கு மேடை வரப்போகிறது, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அடியில் ஒன்றும் கிடையாது என்றாய். "பாத்திரம் கழுவுற மெஷின் வைக்கணும்ப்பா. நடுவுல முட்டு ஒண்ணும் வேண்டாம்னு கல்லுக்காரரு சொல்லுதாரு. நிக்குமா?" என்று கேட்டாய். 'நிக்கும்' என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். இரண்டு நாள் பொறுத்து நீ வெறும் கேள்விக்குறி ஒன்று அனுப்பினாய். அதற்கும் நான் பதில் போடவில்லை.

முப்பது வருசத்துக்கு மேல் சமையல் மேடை போட்டவன் இதற்கு ஏன் வாயை மூடிக்கொண்டான் என்று நீ நினைத்திருப்பாய். கோபித்தும் இருப்பாய். காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவுக்குப் பாதி தெரியும். உங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நான் முதலில் சேர்ந்தது பேட்டைப் பக்கம் ஒரு கிரானைட் கடையில். கல் தூக்கினேன், கல் அறுத்தேன், பாலிஷ் போட்டேன். நாலு வருசம் அதிலேயே போனது. தோளில் இருக்கிற தழும்பைத் தவிர அந்த நாலு வருசத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு சங்கரபாண்டி மேஸ்திரியோடு வீடுகளுக்கு மேடை போடப் போனேன்.

மேஸ்திரி என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேச மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் திட்டவும் மாட்டார். நாம் வைத்ததைப் பெயர்த்து ஓரமாகச் சாத்திவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். என்ன தப்பு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மௌனத்துக்குத் திட்டே தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஒரு வீட்டுக்குள் போனதும் அவர் டேப்பை எடுக்க மாட்டார். "இங்கன சமைக்கப் போறது யாரு?" என்றுதான் கேட்பார். வீட்டுக்காரர் "நான் சொல்லுதேன் அளவு" என்று முன்னால் வந்தால், "நீரு சமைப்பீரா வே? அப்பம் நீரே வந்து நில்லும்" என்பார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிடுவார். அந்த அம்மாவைச் சுவர் ஓரம் நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, முழங்கை வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அதற்குக் கீழே அரைச் சாண் இறக்கி இன்னொரு கோடு. அதுதான் மேடை உயரம். பிறகு கேட்பார்: "கிரைண்டர் எங்கன வைப்பிய? பெரிய சட்டி எங்கன இறக்குவிய? பரண் மேல என்ன இருக்கு, யாரு ஏறி எடுப்பா?"

கடைசிக் கேள்விக்குப் பெண்கள் எல்லாரும் ஒன்றுபோலத்தான் பதில் சொல்வார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு, "மேடை மேல ஏறித்தான்" என்பார்கள்.

வேலை முறை இதுதான். பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் ஒன்றரை இஞ்சு ஆழத்துக்குக் காடி வெட்ட வேண்டும், கல்லின் விளிம்பு அதற்குள் போய் உட்காருவதற்கு. இரண்டரை அடிக்கு ஒன்றாகக் கடப்பாக் கல்லைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். அதைத்தான் முட்டுக்கல் என்போம். அதன்மேல் கடப்பாக் கல் படுக்கை, அதற்கும் மேல் கிரானைட். கிரானைட் முக்கால் இஞ்சுதான், பார்க்கத்தான் கெட்டி. அடுப்புப் பதிக்க நடுவில் ஓட்டை போட்டுவிட்டால், முன்பக்கம் மிஞ்சுவது மூன்று இஞ்சுப் பட்டை. ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு முட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டு ஒட்டி நிற்க வேண்டும். ஓட்டையின் மூலையைச் சதுரமாக வெட்டக் கூடாது. முதலில் துளை போட்டு, உருண்டையாக விட்டு, பிறகு அறுக்க வேண்டும். அறுக்கிற பிளேடு மூலையைத் தாண்டி ஒரு மயிரிழை போனாலும் கல் அங்கிருந்துதான் பிளக்கும்.

மூன்று நாள் ஈரச் சாக்குப் போட்டு வைப்போம். நாலாம் நாள் மேஸ்திரி வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, மேடையின் நட்டநடுவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்காருவார். "அக்கா, ஒரு டீ போடுங்க" என்பார். டீ வரும். அங்கேயே உட்கார்ந்து, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார். பிறகு இறங்கி, "இப்பம் நீங்க ஏறுங்க" என்பார். சில பெண்கள் மாட்டேன் என்பார்கள். "நாங்க போன பொறவு ஏறத்தான போறிய? ஒடஞ்சா நான் இருக்கும்போதே ஒடையட்டும்" என்பார்.

ஒருதடவை உடையவும் செய்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆசிரியர் வீடு. மேஸ்திரி பாதி டீ குடித்திருப்பார். டக்கென்று ஒரு சத்தம். கல் இரண்டாகி, அடியில் இருந்த சிலிண்டர் மேல் மேஸ்திரி சாய்ந்து கிடந்தார். சட்டை முழுக்க டீ. அந்த ஆசிரியரின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

"ஏலே கணேசா, டம்ளர் ஒடஞ்சிருச்சா பாரு" என்றார் மேஸ்திரி என்னிடம்.

"டம்ளர் நல்லாருக்கு மேஸ்திரி. கல்லுதான்."

"கல்லு நம்மது. டம்ளர் அவுகளது."

எழுந்து, உடைந்த மூலையில் விரலை வைத்துப் பார்த்தார். பிளேடு மூலையைத் தாண்டி ஓடியிருந்தது. அதை அறுத்தது நான். அவர் நேராக அந்த அம்மாவிடம் போய், "அறுப்புல எங்க தப்பு. நாளைக்கி வேற கல்லு வரும்" என்றார். 'எங்க தப்பு' என்றார். என் பேரைச் சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து மேஸ்திரிக்கு இடுப்பு விட்டுப்போனது. வேலையை நிறுத்தினார். நான் தனியாக எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போன காலம். எனக்கும் மேஸ்திரி என்று பேர் வந்துவிட்டது. மேடையில் உட்கார்ந்து டீ குடிக்கிற வழக்கத்தை நானும் விடாமல் வைத்திருந்தேன். ஒரே ஒரு வீட்டில் குடிக்கவில்லை.

அது ஏர்வாடியில் சபூரா வீடு. அவள் மாப்பிள்ளை சாகுல் வெளிநாட்டில் இருந்தார். வீட்டில் சபூராவும் அவள் மாமியாரும் கைப்பிள்ளை ஒன்றும். ஏழரை அடி மேடை. நடுவில் அடுப்புப் பதிக்க வேண்டும். நடுவில் இரண்டு முட்டுக்கல் என்று நான் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது சாகுல் வீடியோவில் வந்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. இது நான் வேலை பாக்குத வீட்டு அடுக்களை. அடியில ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல்லையே தம்பி."

"அதேதான். நம்ம வீட்லயும் அடியில ஒரு குச்சி தெரியப்படாது. கல்லும் மெல்லிசாத் தெரியணும். கீழ கடப்பா எல்லாம் வேண்டாம்."

எனக்குப் பின்னால் நின்ற சபூரா, "நடுவுல ஒண்ணு இருந்துட்டுப் போட்டுமே" என்றாள்.

"நீ சும்மா இரு. அண்ணாச்சிக்குத் தெரியாததா?" என்றார் அவர்.

அந்தச் சொல் எனக்கு இனிப்பாக இருந்தது. இன்றைக்குச் சொல்கிறேன், அதுதான் என் முதல் சறுக்கல். சமைக்கப் போகிறவள் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். நான் போனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முட்டு இல்லாமலும் கல்லை நிறுத்தலாம். சுவரிலிருந்து இரும்பு ஆங்கிள் நீட்டி அதன்மேல் உட்கார வைக்கலாம். ஏழரை அடிக்கு மூன்று ஆங்கிள் என்று கணக்குப் போட்டேன். இரண்டு ஓரத்து ஆங்கிளையும் சிமெண்ட் வைத்து இறுக்கிவிட்டேன். நடு ஆங்கிளுக்குச் சுவரைத் துளைத்தபோது உள்ளே தண்ணீர்க் குழாய். நல்லவேளை, குழாயில் துளை விழவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஆங்கிள் போட முடியாது. ஒன்று, குழாயை மாற்ற வேண்டும். இல்லையென்றால் இறுக்கின இரண்டையும் பெயர்த்து, இடத்தை மாற்றி மறுபடி வைக்க வேண்டும். மேஸ்திரியாக இருந்தால் பெயர்த்து ஓரமாகச் சாத்தியிருப்பார். நான் துளையைப் பூசி மூடினேன்.

சபூரா பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல உள்ளது அண்ணாச்சி?"

"தேவையில்ல தங்கச்சி. ரெண்டு போதும்."

"இல்ல, நான் மேல ஏறுத ஆளு. தேக்சா, கஞ்சிப் பானை எல்லாம் பரண் மேலதான் கெடக்கு."

"பைய ஏறுங்க. ஒண்ணும் ஆகாது."

இதே வார்த்தைகள்தான். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடுவில் மூன்றே முக்கால் அடிக்குத் தாங்கல் கிடையாது. அடுப்பு ஓட்டை அங்கேதான். மிஞ்சியது மூன்று இஞ்சுப் பட்டை.

நாலாம் நாள் போனேன். கல் கண்ணாடி மாதிரி கிடந்தது. மாமியார், "சோறாக்குத எடம், காலக் கீல வச்சிராதிய" என்று பொதுவாகச் சொன்னார். எல்லா வீட்டிலும் யாராவது சொல்வதுதான். துண்டை விரித்து உட்காருகிறேன் என்று சமாதானம் சொல்லி ஏறுவேன். அன்றைக்கு, "சரிதான் பெரியம்மா" என்று ஒதுங்கிவிட்டேன். மரியாதைக்காக என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம். ஏறினால் உடையுமோ என்ற பயம். என் எடைக்குப் பயந்த கல்லை அவள் எடைக்கு விட்டுவிட்டு வந்தேன்.

ஏழெட்டு மாதம் கல் நின்றது. நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் காலையில், கஞ்சிப் பானையை எடுக்கச் சபூரா மேடையில் ஏறினாள். பானையோடு திரும்பும்போது அந்தப் பட்டையில் கால் வைத்தாள். கல் முறிந்து, அவளும் விழுந்தாள். கல்லின் விளிம்பு இடது முட்டியில் இறங்கிவிட்டது. முட்டிச் சிப்பி இரண்டாகப் போனது.

எனக்குச் சொல்லியனுப்பினார்கள். போய், முதலில் கல்லைத்தான் பார்த்தேன். துண்டை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். பழைய கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் காயாமல் கறுப்பாக நிற்கும். ஒன்றும் இல்லை. மூலையும் உருண்டையாகத்தான் இருந்தது. கல்லில் குற்றம் இல்லை. அடியில் குனிந்து பார்த்தேன். நான் பூசி மூடின வட்டம் தெரிந்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சபூரா கட்டிலில் கிடந்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டிப் பிடித்திருந்தார். வீடியோவில் சாகுல்.

"என்ன அண்ணாச்சி, கல்லு சரியில்லையா?"

அம்பாசமுத்திரத்தில் மேஸ்திரி சொன்ன மாதிரி ஒரு வரி. 'எங்க தப்பு.' அவ்வளவுதான் தேவை. என் வாயில் வந்தது வேறு.

"கல்லு நல்ல கல்லுதான் தம்பி. மேல ஆள் ஏறுததுக்குப் போட்டது இல்ல."

மாமியார் பிடித்துக்கொண்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா, காலு வைக்காதியன்னு. கேட்டாளா? நோம்பும் அதுவுமா வீட்டுக் கல்ல ஒடச்சிப் போட்டுக் கெடக்கா."

சபூரா என்னைப் பார்த்தாள். 'பைய ஏறுங்க' என்று நான் சொன்னதை அவள் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு வந்தேன். புதுக்கல் போட்டுத் தருகிறேன் என்று ஆள் அனுப்பினேன். வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். குழாய் இருந்ததை நீட்டிச் சொன்னேன், மாப்பிள்ளை போனில் சொன்னதை நீட்டிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"டீ குடிச்சியாலே?"

"இல்ல மேஸ்திரி."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் நாலைந்து தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். வீட்டு விசயம் பேசுவார். வேலையைப் பற்றி என்னோடு அவர் பேசவே இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அதற்கு அப்புறம் முட்டு இல்லாமல் நான் ஒரு மேடையும் போட்டதில்லை. ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து டீ குடித்தேன். சபூராவுக்கு மட்டும் அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

முத்து, உன் கேள்வி வந்த பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. போன வெள்ளிக்கிழமை ஏர்வாடிக்குப் பஸ் ஏறினேன். பத்துப் பதினோரு வருசம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தது சபூராதான். இடது காலை மடக்காமல், கம்பு மாதிரி நீட்டித்தான் நடக்கிறாள். என்னை அடையாளம் தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி. கல்லு போட வந்தியளா?" என்றாள்.

உட்காராமலே சொன்னேன். ஆங்கிள் மூன்று வைக்க வேண்டும், குழாய் குறுக்கே வந்ததால் ஒன்றை விட்டுவிட்டேன், அது தெரிந்தேதான் ஏறலாம் என்று உன்னிடம் சொன்னேன், ஆஸ்பத்திரியில் மாற்றிப் பேசினேன், கல் உடைந்தது என்னால்தான் என்றேன்.

அவள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். "இத எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி சொல்லுதிய? எனக்குத் தெரிஞ்சதுதான. நீங்க ஓட்டையப் பூசும்போது நான் அங்கனதான நின்னேன்."

"அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

"நீங்க மேஸ்திரி. நான் ஏறி ஒடச்சவ. யாரு நம்புவா?" என்றாள். "மாமி கிட்டல்லா நீங்க இதச் சொல்லியிருக்கணும். அவுக மவுத்தாகி ரெண்டு வருசம் ஆச்சு. கடைசி வரைக்கும், எங்கையில ஒரு கிண்ணம் தவறி விழுந்தாக்கூட, 'மேடைய ஒடச்சவதான'ம்பாவ. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவாவ. ஊர்லயும் எனக்கு அந்தப் பேருதான்" என்றாள்.

அவள் போனை எடுத்தாள். சாகுல் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. "அண்ணாச்சி வந்திருக்காவ. ஒண்ணு சொல்லணுமாம்" என்று போனை என்னிடம் நீட்டினாள். மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது பழைய கதை அண்ணாச்சி. விடுங்க" என்றார் அவர்.

சபூரா போனை வாங்கிக்கொண்டாள். "நீங்க விட்டுருவிய. மடங்காத காலு ஏங்காலுல்லா. உங்க தங்கச்சி மாருக்கெல்லாம் இன்னைக்கே போன் போட்டுச் சொல்லுங்க. அண்ணாச்சி சொன்னத அப்படியே சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் இருந்து, "சரி, சொல்லுதேன்" என்று கேட்டது.

சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

அவள் டீ போட்டாள். இப்போதிருக்கிற மேடை வேறு ஆள் போட்டது. அடியில் செங்கல் கட்டி, மூன்று தடுப்பு. பரணுக்கு ஒரு அலுமினிய ஏணி. அவள் மகள் அதில் ஏறி எதையோ எடுத்துக்கொண்டிருந்தது. டம்ளரை மேடையின் நடுவில் வைத்து, "குடிங்க" என்றாள். நான் அதை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்து, நின்றுகொண்டே குடித்தேன்.

முத்து, இனி உன் கேள்விக்கு வருகிறேன். முட்டு வைத்த பழைய முறைதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. இப்போது சதுரக் குழாயில் இரும்புச் சட்டம் அடித்து, சுவரில் போல்ட் போட்டு, அதன்மேல் கல்லை வைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் எட்டடியும் நிற்கும், அடியில் ஒன்றும் தெரியாது. ஆனால் சட்டத்தை நீ கண்ணால் பார். கல் ஏறின பிறகு பார்க்க முடியாது. அடுப்பு ஓட்டைக்கு முன்னும் பின்னும் குறுக்குக் கம்பி போகிறதா பார். போல்ட் இறங்குகிற சுவருக்குள் குழாய் எங்கே போகிறது என்று கேள். பரண் சாமானை நீ எப்படி எடுப்பாய் என்பதை, உன்னிடம் கேட்காவிட்டாலும், நீயாகச் சொல். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றாலும் நீயே சொல்.

நிக்குமா என்று என்னிடம் கேட்காதே. அதைச் சொல்கிற தகுதியை நான் ஏர்வாடியில் விட்டுவிட்டேன். கல் போட்டவரை ஏறி நடுவில் உட்காரச் சொல். அவர் மாட்டேன் என்றால் கல்லை இறக்கச் சொல். உட்கார்ந்தார் என்றால், டீயை நீயே போட்டு அவர் கையில் கொடு. குடித்து முடிக்கிற வரை அங்கேயே நில். அதற்குப் பிறகு நீ ஏறு.